கழி அவிழ்க்கும் மாதம்

நீங்கள் கடைசியாக ஒரு மாடியிலிருந்து இறங்கினீர்களே, அப்போது கைப்பிடியைப் பிடித்தீர்களா, இல்லையா? சொல்லுங்கள் பார்க்கலாம்.

நினைவில் இருக்காது. கை தானாகப் போயிருக்கும். அங்கே கைப்பிடி இருக்கும் என்று நம்பிப் போயிருக்கும். அந்த நம்பிக்கையில்தான் நாம் பேசிக்கொண்டே படி இறங்குகிறோம், தூங்குகிற குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்குகிறோம். தணிகாசலத்தின் மனைவி ஜெயத்தின் கையும் அப்படித்தான் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை.

தணிகாசலம் புகழ் பெற்ற மனிதர் அல்ல. புதுச்சேரியில் கப்பலில் வந்து இறங்கிய ஒவ்வொருவனுக்கும் ஒரு தெரு உண்டு, சிலருக்குச் சிலையும் உண்டு. இந்த ஊரில் சுமை தூக்கி மாடி ஏறியவர்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை. உழவர்கரையில் பிறந்தவர் அவர். மீசை முளைக்கும் முன்பே ஆலைக்குப் போனார். ஓடுகிற எந்திரத்தில் நூல் அறுந்தால் எந்திரத்தை நிறுத்தாமல் இரு முனைகளையும் பிடித்து முடிச்சுப் போடுகிற வேலை. விரல் நுனி முழுக்க வெட்டுத் தழும்புகள். எழுபதுகளின் நடுவில் ஆலை அடிக்கடி மூடிக் கிடந்தது; திறந்தபோது பழைய ஆட்களில் பாதிப்பேர் வெளியே நின்றார்கள். அவர் வெளியே நின்ற பாதியில் இருந்தார். மைத்துனன் ஒருவன் சொல்லி, லாஸ்பேட்டை மேட்டில் இருந்த கல்லூரியில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். ஜெயத்துக்கும் அங்கேயே தினக்கூலியாகத் தண்ணீர் சுமக்கும் வேலை கிடைத்தது. ஒரே மகள் வசந்தாவை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

அந்தக் கல்லூரியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் எல்லாருடைய மரியாதையும் அதற்குத்தான் கிடைத்தது.

சுற்றிலும் முந்திரித் தோப்பும் செம்மண்ணும். நடுவே வெறும் சிமெண்டு நிறத்தில் ஒரு பெரிய கட்டடம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் வரைந்து கொடுத்தது. பூச்சு கிடையாது, வெள்ளை கிடையாது. கான்கிரீட் வார்த்தபோது அடைத்த பலகைகளின் வரி, மரத்தின் கணு, எல்லாம் சுவரில் அப்படியே பதிந்திருக்கும். காசு தீர்ந்துபோய்ப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்து ஆட்கள் பல நாள் நம்பினார்கள். பிறகு அதற்குச் சிமெண்டுக் கப்பல் என்று பெயர் வைத்தார்கள். படித்தவர்கள் அதைக் கலை என்றார்கள். கலைதான். காற்று வருகிற விதத்தைப் பார்த்தால், வெயில் தரையில் கோடு கோடாக விழுகிற விதத்தைப் பார்த்தால், வரைந்தவன் மூளை உள்ளவன் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த மூளைக்கு ஒரு தண்ணீர்க் குடத்தின் எடை தெரியவில்லை. அவ்வளவுதான்.

கட்டடத்தின் வடக்குச் சுவரில் வெளிப்புறமாக ஒரு படிக்கட்டு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாம் மாடிவரை ஏறும். கீழே தூண் இல்லை, தாங்கல் இல்லை. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் வானம். கைப்பிடி இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் யாரோ சீட்டுகளைச் செருகிவைத்தது போல இருக்கும். உலகத்தில் எங்கெங்கிருந்தோ அதைப் படம் எடுக்க வந்தார்கள். வந்தவர்கள் எவரும் அதில் ஏறவில்லை. அவர்களுக்குக் கட்டடத்தின் உள்ளே அகலமான படிக்கட்டு இருந்தது, வழவழப்பான தேக்குக் கைப்பிடியோடு. வடக்குப் படி வேலையாட்களுக்கு.

டிசம்பரிலும் மே மாதத்திலும் மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்போது கல்லூரி விருந்தாளிகளுக்கான இடம் ஆகும். மாநாடு, கருத்தரங்கு, வெளிநாட்டு மாணவர் குழு, டில்லி அதிகாரிகள். இரண்டாம் மாடி அறைகளில் கொசுவலை கட்டி, வெள்ளை விரிப்பு விரித்து, மேசையில் பங்கனப்பள்ளி மாம்பழம் வைப்பார்கள். ஆனால் கோடையில் மின்சாரம் சரியாக வராது, மோட்டார் முனகும், தண்ணீர் மாடிக்கு ஏறாது. விருந்தாளி குளிக்கவேண்டுமே! கீழே அடிகுழாயில் அடித்து, குடம் குடமாக வடக்குப் படி வழியே பெண்கள் சுமந்தார்கள். ஜெயம், வேளாங்கண்ணி, இன்னும் சிலர். வேளாங்கண்ணி மற்றவர்களுக்கு மூத்தவள், கோயில் பெருக்கிவிட்டு வேலைக்கு வருகிற கிறிஸ்தவப் பெண். வெள்ளைக்காரனோ மதராஸ் பேராசிரியரோ, வருகிற ஆண் எவனும் அவளுக்கு ‘முசே’தான், பிரெஞ்சில் ஐயா.

தணிகாசலம் சேர்ந்த முதல் டிசம்பரில், மழை ஈரத்தில் வேளாங்கண்ணி அந்தப் படியில் வழுக்கினாள். நல்ல காலம், கீழ்ப்படிகளில்தான். முழங்கால் சிராய்த்ததோடு போயிற்று. அன்று மாலையே தணிகாசலம் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கொத்தனார்கள் விட்டுப்போன சவுக்குக் கழிகளை இழுத்துவந்தார். படிப்பலகைகளின் வெளி ஓரம் நெடுகச் செங்குத்துக் கழிகளைக் கட்டி நிறுத்தி, அவற்றின் குறுக்கே சாய்வாக நீளக் கழிகளைக் கயிற்றால் கட்டினார். நூலுக்கு முடிச்சுப் போட்டுப் பழகிய கை. ஆட்டிப் பார்த்தால் அசையாது. யாரும் அவரிடம் கட்டச் சொல்லவில்லை. கட்டக்கூடாது என்று சொல்லவும் அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஜெயம் கீழே நின்று ஒரு முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

“என் கழுத்துல கட்டுனப்பகூட இவ்ளோ இறுக்கமா கட்டலியே நீ” என்றாள்.

“அது ஓடிப்போவாதுன்னு தெரியும். இது வேளாங்கண்ணி ஒடம்பத் தாங்கணுமே” என்றார் அவர். வேளாங்கண்ணி ஈரத் துணியை அவர்மேல் வீசினாள்.

அதற்குப் பிறகு பெண்கள் நடந்த முறையே மாறியது. கழி இருக்கும்போது குடம் சுவர்ப்பக்க இடுப்பில் இருக்கும். வெளிப்பக்கக் கை கழியைப் பிடித்து ஓடும். வேகமாக ஏறினார்கள், வேகமாக இறங்கினார்கள், ஏறும்போது ஊர்வம்பு பேசினார்கள்.

சென்னையிலிருந்து வந்த ஒரு புகைப்படக்காரர் அந்தக் கழிகளைப் பார்த்து முகம் சுளித்த அன்று முதல் ஒரு வழக்கம் ஏற்பட்டது. விருந்தாளி வருவதற்கு முந்தின நாள் கழியை அவிழ்க்கவேண்டும். அவர்கள் போன மறுநாள் கட்டிக்கொள்ளலாம். இது கண்காணிப்பாளர் ஜானகிராமன் இட்ட உத்தரவு. விடுமுறையில் கல்லூரி முழுக்க அவர் பொறுப்பில் இருக்கும். அவரைக் கொடியவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெயம் காய்ச்சலில் கிடந்தபோது டாக்டருக்குச் சொல்லி அனுப்பியவர் அவர்தான். ஆனால் விருந்தாளி வந்துவிட்டால் அவருக்கு வேறு கண் வந்துவிடும். அந்தக் கண்ணுக்கு வேலையாட்கள் கறையாகத் தெரிவார்கள். அவர்கள் கட்டடத்தின் முன்பக்கம் வரக்கூடாது. சத்தம் போட்டுப் பேசக்கூடாது, ஒருவரை ஒருவர் கூப்பிடக்கூடாது. வருகிறவர்கள் அமைதியைத் தேடி வருகிறார்கள் என்பார். அந்த அமைதியை யார் சுமந்தார்கள் என்று அவரும் கேட்கவில்லை, வந்தவர்களும் கேட்கவில்லை.

கழி இல்லாத நாட்களில் பெண்கள் குடத்தை வெளிப்பக்க இடுப்புக்கு மாற்றிக்கொள்வார்கள். உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பேச்சில்லாமல் ஏறுவார்கள். குடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தூரத்திலிருந்து பார்த்தாலே போதும், அன்றைக்குக் கழி உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். மாடியில் இருப்பவர்களிடமும் அடிகுழாயில் இருப்பவர்களிடமும் தணிகாசலமே போய் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுத்தான் முதல் முடிச்சில் கை வைப்பார். அதை அவர் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. 1981 மே மாதம்வரை.

அந்த முறை வருவதாக இருந்தவர்கள் கட்டடக் கலை படிக்கிற வெளிநாட்டுக் குழு. வெப்ப நாடுகளில் வீடு கட்டுவது பற்றிப் பேச வருகிறார்கள். மறுநாள்தான் வரவேண்டும். பகல் சாப்பாடு முடிந்த நேரத்தில் தொலைபேசி வந்தது. கார்கள் திண்டிவனம் தாண்டிவிட்டன. ஜானகிராமன் வேட்டியை மாற்றிப் பேன்ட் போட்டுக்கொண்டே வெளியே ஓடிவந்தார். கழியை உடனே அவிழ்க்கச் சொன்னார்.

“ஜெயம் மேல தண்ணி ஊத்திகினு இருக்கு சார். எறங்குனதும் அவுத்துடறேன்” என்றார் தணிகாசலம்.

“அவளுக்கு என்ன கண்ணா தெரியாது? அவுத்துடுப்பா, வந்துடப்போறாங்க.”

தணிகாசலம் மேலே போனார். மேல்படியில் நின்று நீண்ட நடைவழியைப் பார்த்து ஒருமுறை கூப்பிட்டார். ஜெயம் கடைசி அறையின் குளியலறையில் தொட்டிக்குத் தண்ணீர் கவிழ்த்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை. கழிகளை இறக்கிவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மேலிருந்து கீழாக அவிழ்த்துக்கொண்டே வந்தார். தான் போட்ட முடிச்சு என்பதால் சீக்கிரம் அவிழ்ந்தது. கழிகளைக் கொட்டகைக்குப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பியபோது கார்கள் வந்து நின்றுவிட்டன. பெட்டிகளை எடு, பெட்டிகளை எடு என்று ஜானகிராமன் கையாலேயே ஜாடை காட்டினார்.

வந்தவர்கள் அறைக்குப் போகவில்லை. நேரே வடக்குச் சுவருக்குத்தான் வந்தார்கள். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஜானகிராமன் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால், இரண்டு கையிலும் பெட்டியோடு, தணிகாசலம்.

அப்போது மேலே ஜெயம் வெளியே வந்தாள்.

குடம் சுவர்ப்பக்க இடுப்பில் இருந்தது.

இதை அவர் பார்த்தார். பார்த்த கணத்திலேயே புரிந்தது. வாய் திறந்தது. ஆனால் முன்னால் விருந்தாளிகள் நின்றார்கள். அந்த வாய்க்கு ஆறு வருடமாகக் கொடுத்திருந்த பழக்கம், விருந்தாளி முன்னால் மூடிக்கொள்வது. ஜெயம் ஒரு படி இறங்கினாள். புதிதாக வந்த ஆட்களை, அவர்களின் தொப்பிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே இன்னொரு படி இறங்கினாள். பிறகுதான் “ஜெயம்” என்று அவருக்குக் குரல் வந்தது. அந்தக் குரலுக்குத்தான் திரும்பினாளோ, அதற்கு முன்பே கை கழியைத் தேடிப் போய்விட்டதோ, இன்றுவரை அவருக்குத் தெரியாது. இல்லாத கழியில் அவள் தன் உடம்பைச் சாய்த்தாள்.

கீழே கருங்கல் பாவிய தரை. அதுவும் படத்தில் அழகாக விழும்.

விருந்தாளிகளை உள்ளே அழைத்துப் போனார்கள். வெயிலில் ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். கார்கள் விருந்தாளிகளுடையவை என்பதால் ஜெயம் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தலையை மடியில் வைத்துக்கொண்டு வேளாங்கண்ணி உட்கார்ந்திருந்தாள். தணிகாசலம் ரிக்‌ஷாவைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடினார். மறுநாள் விடிந்தபோது ஜெயம் இல்லை. மேலே கருத்தரங்கு குறித்த நேரத்தில் தொடங்கியது.

காரியம் முடிவதற்குள் பேய் வந்துவிட்டது.

எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. கல்லூரி கட்டுவதற்கு முன் அங்கே முந்திரித் தோப்பு இருந்ததாம். அதில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி தூக்கு மாட்டிக்கொண்டாளாம். சரியாக அந்த வடக்குச் சுவர் இருக்கும் இடமாம். அவள்தான் தள்ளினாளாம். யார் அந்தப் பெண், எந்த ஊர், எந்த வருடம் என்று எவரும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் அவளுக்குச் சிவப்புப் புடவையும் வந்துவிட்டது, பார்த்தவர்களும் வந்துவிட்டார்கள். வேளாங்கண்ணிகூடத் தனக்கு அந்தப் படியில் மல்லிகை வாசனை அடித்ததாகச் சொன்னாள். ஞாயிறு பூசையில் ஜெயத்துக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வரும்போது புட்டியில் தீர்த்தம் கொண்டுவந்து கீழ்ப்படியில் தெளித்தாள்.

இந்த நாட்டில் பேயைப் போல உதவியான ஊழியன் வேறு கிடையாது. கூலி கேட்காது, சங்கம் வைக்காது. அதன்மேல் வழக்குப் போட முடியாது. அதற்காக இரும்புக்கம்பி வாங்கவேண்டியதில்லை. எங்கே ஒரு மனிதன் செய்த தவறு மூடவேண்டியிருக்கிறதோ அங்கே அது கூப்பிட்ட உடனே வந்து நிற்கும். நம் கிணறுகளில் எத்தனை பேய்கள்! கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒவ்வொன்றிலும் ஒரு பேய். சுவர் எடுத்துக் கட்டிய கிணற்றில் மட்டும் அது குடியிருப்பதில்லை. ஏன் என்று ஒருவராவது யோசிக்கவேண்டாமா?

ஆனால் தணிகாசலத்துக்கு அந்தப் பேய் வேறு விதமாக வந்தது. அதைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. பேய் தள்ளியிருந்தால் அவர் தள்ளவில்லை. கழியை அவிழ்த்த கையும் மூடிக்கிடந்த வாயும் குற்றமற்றவை ஆகிவிடும். அவர் தூங்கலாம், சோறு இறங்கும். அப்படி ஒரு விடுதலையை ஊரே சேர்ந்து தட்டில் வைத்து நீட்டியது. மகள் வசந்தாவும் நீட்டினாள். காரியம் முடிந்து விழுப்புரத்துக்குக் கிளம்பும் முன் அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்ற கதை அவளுக்குத் தெரியும். அவரே அவளிடம் சொல்லியிருந்தார்.

“பேய்னே இருக்கட்டும்பா. எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க. நீயும் அப்படியே நெனச்சுக்கோ. நீயாவது எனக்கு மிச்சமாவணும்.”

அவர் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வடக்குப் படியின் கீழே கழிப்பு நடந்தது. பூசாரி வந்தார். கோழி வந்தது, குங்குமம் தடவிய பூசணிக்காய் வந்தது. ஜானகிராமன் குளித்து, சந்தனம் இட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். அவர் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவர். உயரத்திலிருந்து விட்ட பொருள் ஏன் கீழே விழுகிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர். அந்தப் படிப்பு அன்று கழற்றிப் போட்ட சட்டையோடு கிடந்தது. செத்தவளின் புருஷன் கையால் பூசணிக்காய் உடைத்தால்தான் பேய் அடங்கும் என்றார் பூசாரி. காயைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்கள்.

அவர் அதை வாங்கினார். பிறகு உடைக்காமல், குழந்தையை இறக்கிவிடுவதுபோலக் கீழ்ப்படியில் மெதுவாக வைத்தார்.

“பேய் தள்ளல. கழி இல்ல, அதான் விழுந்தா. கழிய அவுத்தது நானு. அவுக்கச் சொன்னது நீங்க சார். நான் வாயத் தொறந்திருந்தாலும் பொழச்சிருப்பா. தொறக்கல.”

வேளாங்கண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்து, “இன்னா அண்ணே பேசற, வேணாம் வா” என்றாள். அவர் கையை விடுவித்துக்கொண்டார். இந்த இடத்தில் ஒரு இரும்புக் கைப்பிடி போடவேண்டும், வேறு எதுவும் தனக்கு வேண்டாம் என்று ஜானகிராமனிடம் கேட்டார். கெஞ்சவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

ஜானகிராமனும் கோபப்படவில்லை. துக்கத்தில் பேசுகிறான் என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு அவரிடம் தாழ்ந்த குரலில், நியாயம் சொல்கிறவர் போலச் சொன்னார்:

“அந்தப் படியப் பாக்கத்தான்பா எங்கெங்கேர்ந்தோ வராங்க. கம்பி போட்டுட்டா அது வெறும் படி.”

வெறும் படி! ஏறி இறங்க மட்டுமே உதவுகிற, யாரையும் கொல்லாத, படம் எடுக்க ஒன்றுமில்லாத வெறும் படி. அது நடந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் கோழியின் கழுத்து அறுபட்டது.

மறுநாள் தணிகாசலம் கழிகளைத் திரும்பக் கட்டினார். இந்த முறை ஒவ்வொரு சந்திப்பிலும் இரட்டைக் கட்டு. டிசம்பரில் அடுத்த விருந்தாளிகள் வந்தார்கள். அவிழ்க்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். வேறு ஆளை விட்டு அவிழ்க்கவைத்தார்கள். அந்த ஆள் முடிச்சைப் பிரிக்க முடியாமல் அரிவாளால் வெட்டினான். தணிகாசலம் அன்று மாலையே புதுக் கயிறு வாங்கிவந்து, விருந்தாளிகள் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மறுபடியும் கட்டினார்.

விசாரணை வைத்தார்கள். விசாரணையில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? கட்டடத்தில் அனுமதி இல்லாமல் ஓர் அமைப்பைக் கட்டியது தணிகாசலம். அந்த அனுமதியில்லாத கழியைப் பிடித்துப் பிடித்துப் பழகியதால்தான், அது இல்லாதபோது அந்தப் பெண் விழுந்தாள். ஆகவே மரணத்துக்குக் காரணம் கழி கட்டியவர். கைப்பிடி இல்லாமல் படி கட்டியவர் அல்ல, கழியை அவிழ்க்கச் சொன்னவர் அல்ல. இருட்டில் விளக்கேற்றியவன்தான் இருட்டுக்குப் பொறுப்பு என்கிற நியாயம் இது. அவர் வேலை போயிற்று.

இப்போது அவர் வைத்திக்குப்பத்தில் மீன் கூடைகளுக்கு ஐஸ் உடைக்கிறார். படகு வராத நாளில் வேலை இல்லை. ஐஸ் நீரில் ஊறி ஊறி விரல்கள் மரத்துவிட்டன. இனி அந்தக் கையால் எந்த முடிச்சும் போட முடியாது. வசந்தா வருடத்துக்கு ஒருமுறை வருவாள். பக்கத்தில் உட்காருவாள். பேய் பற்றி இப்போது அவளும் பேசுவதில்லை. இரவில் ஜெயம் கனவில் வருகிறாளா என்று குப்பத்துப் பெண்கள் கேட்டால், அவள் எங்கே வருவாள், செத்துப்போய்விட்டாள் என்பார். இரக்கமில்லாத பேச்சு என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆறுதல் என்று ஊர் தன் கையில் வைத்த பொய்யை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர் அவர். அதற்கான விலையை ஒவ்வொரு விடியற்காலையும் தனியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

வேளாங்கண்ணி இன்னும் அங்கேதான் தண்ணீர் சுமக்கிறாள். வேறு வழியில்லை. கழி இப்போதும் இருக்கிறது. தணிகாசலம் போனபின் பெண்களே கட்டிக்கொள்கிறார்கள். மே வந்தால் அவிழ்க்கப்படுகிறது. மீன் வாங்க வரும்போது அவரிடம் வந்து, “அவுத்துட்டாங்க அண்ணே” என்று சொல்லிவிட்டுப் போவாள். அவர் ஐஸ் உடைப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார்.

ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. கழி இல்லாத நாளில் மேல்படியில் எந்தப் பெண் வந்து நின்றாலும், அடிகுழாயடியில் இருக்கிற பெண்கள் எல்லாரும் ஒன்றாகக் குரல் கொடுக்கிறார்கள். “கழி இல்ல!” மேலே நிற்பவள் திரும்ப, “கழி இல்ல!” என்று சொல்லிவிட்டுத்தான் கால் எடுத்து வைக்கிறாள். பக்கத்தில் எந்த விருந்தாளி நின்றாலும் சரி, எந்த நாட்டு மந்திரி நின்றாலும் சரி. இதை நிறுத்தச் சொல்லி ஜானகிராமன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் அதட்டியபோது, “நாங்க கத்தக்கூடாதுன்னா நீங்க ஏறி எறங்குங்க முசே” என்று வேளாங்கண்ணி குடத்தை அவர் காலடியில் வைத்தாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போவதில்லை.

போன மே மாதம் வந்த விருந்தாளி ஒருவர் அந்தக் குரலைக் கேட்டு, அது என்ன என்று விசாரித்தாராம். இங்கத்துப் பெண்கள் வேலை செய்யும்போது பாடுகிற பாட்டு என்று சொன்னார்களாம். அவர் மகிழ்ந்துபோய்ப் பெட்டி போன்ற ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மாலைவரை பதிவு செய்துகொண்டு போனார்.

வாசகரே, உங்களில் பலர் படித்தவர்கள். கூட்டங்களுக்கு அழைக்கப்படுகிறவர்கள். ஏதோ ஒரு கோடையில் நீங்களும் அந்தக் கல்லூரிக்குப் போகலாம். மாம்பழம் வைத்த அறையில் தங்கலாம். அந்தப் படியைக் காட்டுவார்கள். அழகாகத்தான் இருக்கும். அப்போது பின்பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்கும். அதைப் பாட்டு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அன்று உங்கள் பேச்சைத் தொடங்கும் முன், மேடையில் நின்றே, எல்லார் காதிலும் விழும்படி, வடக்குப் படிக்குக் கைப்பிடி எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாதீர்கள். போகிற வாய்ப்பு இல்லை என்றால், நீங்கள் வேலை பார்க்கிற கட்டடத்தின் பின்பக்கம் போய், தண்ணீர் சுமப்பவர்கள் ஏறுகிற படியில் இன்றைக்கே ஒருமுறை நீங்களும் ஏறி இறங்கிப் பாருங்கள். அங்கே உங்கள் கை எதையாவது தேடிப் போய் வெறுமையைத் தொட்டால், தயவுசெய்து, வாயைத் திறங்கள்.